நாலு நல்ல வார்த்தை

போன வாரம் சின்னவளின் மணிக்கட்டில் சீறி அடித்த வெந்நீரோடு நிறுத்தியிருந்தோம். திறக்கக்கூடாத நேரத்தில் குக்கர் மூடி திறந்துகொண்டது. உள்ளே அடைபட்டிருந்த ஆவியும் பருப்புத் தண்ணீரும் ஒன்றாகப் பாய்ந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கையோடு போயிற்று.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. சின்னவள் அந்தக் குடும்பத்தின் இளைய மருமகள். மாடிப் போர்ஷனில் ஒற்றை பர்னர் அடுப்போடு குடித்தனம் தொடங்கியவள், அந்த அடுப்பில் எது வேகும், எது சொதப்பும் என்று இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். வலைப்பூவுக்கு வைத்த பெயர் 'ஒற்றை அடுப்பு'. ஆரம்பத்தில் படித்தது அவள் மட்டும்தான். பிறகு விடுதி அறையில் ஒளித்துச் சமைக்கிறவர்கள், தனிக்குடித்தனம் வந்தவர்கள், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வந்தது. விளம்பரத்தோடு கொஞ்சம் காசும் வந்தது. அந்தக் காசில் வாங்கிய இரண்டு பர்னர் அடுப்புதான் இப்போது வீட்டில் எரிகிறது. வலைப்பூவின் பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை.

மாமியாருக்கு இதெல்லாம் முதலில் புரியவில்லை. புரிந்தபோது அளவுக்கு மீறிப் புரிந்துவிட்டது. விளம்பரத்தைத் தொட்டால் மருமகளுக்குக் காசு என்று யாரோ சொல்ல, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தொட்டுத் தள்ளிவிட்டார். உங்கள் வீட்டிலிருந்தே யாரோ தொடுகிறார்கள், தொடர்ந்தால் விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. அதற்கப்புறம் விளம்பரத்தை விட்டுவிட்டு, சமையல் குறிப்புகளுக்குக் கீழே குறை சொல்ல ஆரம்பித்தார். சின்னவளின் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த 'உப்புக் கம்மி' என்கிற அந்தப் பொல்லாத விமர்சகர், அடுத்த அறையில் போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டிருந்த மாமியார்தான். அந்தக் குட்டு உடைந்து வீடே சிரித்து ஓய்ந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்த வீட்டுக்குத்தான் அன்று காலை பெரியவர் வந்தார்.

பெரியவர் என்பது சின்னவளின் கணவனுடைய அண்ணன். பாத்திரக் கடை வைத்திருப்பவர். எங்கிருந்தோ மொத்தமாக மின்சாரக் குக்கர்களை வரவழைத்து, தன் கடைப் பெயரையே அவற்றின் மேல் பொறித்து விற்கப்போகிறார். அன்று சாயந்திரம் நாலு மணிக்கு முதல் விற்பனை. சின்னவளின் கையைச் சுட்டது அந்தக் குக்கர்களில் ஒன்றுதான்.

அவர் வந்தபோது சின்னவள் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு ஒரு கிண்ணம் வெங்காய சூப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஏறிவிட்டால் கிண்ணத்தின் விளிம்பு பளீரென்று வெளுத்துவிடும். வலது கையில் கட்டு. இடது கையால் எடுத்த படங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"மருந்து போட்டியாம்மா?" என்றார் பெரியவர்.

"போட்டேன் மாமா."

"அவசரப்பட்டுத் திறந்திருப்ப."

"மூடியில சிவப்பா ஒரு முள் இருக்குல்ல, அது மேல நின்னுட்டிருந்தது. முள் நிக்கிற வரைக்கும் மூடி திரும்பவே கூடாது. துணியை எடுக்கறப்போ லேசாக் கை பட்டதுக்கே திரும்பிடுச்சு."

"ஒரு பீஸ்ல அப்படி இருக்கும். அதை விடு. நீ எழுத வேண்டியதை உன் ஃபோனுக்கு அனுப்பியிருக்கேன். நாலு மணிக்கு முன்னாடி போட்டுடு."

சின்னவள் ஃபோனைப் பார்த்தாள். 'என் இல்லத்தின் இனிய தோழி, என் நேரத்தை மீட்டுத் தந்த தேவதை' என்று ஆரம்பித்திருந்தது. அதற்குக் கீழே அவள் பெயர்.

"நான் இப்படிப் பேசவே மாட்டேனே மாமா."

"சும்மா எழுதச் சொல்லல. வருஷம் பூரா விளம்பரத்துல நீ பார்க்கற காசை இந்த ஒண்ணுக்கே தர்றேன்."

"காசு வாங்கினா, காசு வாங்கி எழுதினதுன்னு முதல் வரியிலயே போடுவேன். அதுதான் என் வழக்கம். ஆனா அப்படிப் போட்டாலும் இது பொய்தானே."

"நாலு நல்ல வார்த்தை எழுதறதுக்கு உனக்கு என்ன வலிக்குது?"

"கை வலிக்குது மாமா."

டீ டம்ளரோடு நின்றிருந்த அவள் கணவன் குனிந்து தரையைப் பார்த்தான். அவன் அண்ணன் கடையில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணன் பேசும்போது குறுக்கே பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

பெரியவர் அவனைத்தான் பார்த்தார்.

"அப்பா போனப்ப இவன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். யாரு படிக்க வெச்சா? யாரு வேலை குடுத்தா? இந்த வீட்டு இன்டர்நெட் கூடக் கடைப் பேர்லதான் ஓடுது. நான் ஒரு ஃபோன் பண்ணா உன் ஒற்றை அடுப்பு அணைஞ்சுடும்மா. என்கிட்ட இருக்கறதையெல்லாம் அந்தச் சரக்குல போட்டிருக்கேன். குடும்பம்னு நினைச்சுத்தான் கேக்கறேன்."

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பில்லை என்று சின்னவளுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதட்டினால் எதிர்த்துப் பேசலாம், கெஞ்சுகிறவரை என்ன செய்வது?

"மாமா, இன்னும் மூணு குக்கர் குடுங்க. இங்கேயே வெச்சுப் பார்க்கறேன். மூணும் சரியா இருந்தா, சாயந்திரம் உங்க கடை வாசல்ல நின்னு நானே சமைச்சுக் காட்டறேன். காசே வேண்டாம்."

"என் சரக்கைச் சோதிச்சுப் பார்க்க நீ யாரும்மா?" என்றார் பெரியவர். பதிலுக்கு நிற்கவில்லை.

மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் அடங்கியதும் மாமியார் அறையை விட்டு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பது முகத்தில் தெரிந்தது. மகனைத் திட்டவும் இல்லை, மருமகளைத் திட்டவும் இல்லை. சூப்புக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சு. இந்த வீட்டுல படம் எடுத்த மிச்சம்தான் எனக்குச் சாப்பாடு" என்றார்.

கணவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பைக் சாவியை எடுத்தான்.

"எங்க போறீங்க?"

"கிடங்குச் சாவி என்கிட்டதானே இருக்கு. மூணுன்னுதானே சொன்ன?"

அவன் போய்ப் பெட்டிகளோடு திரும்பி வரும்வரை அவளுக்கு வேலை ஓடவில்லை. "உங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டா எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள்.

"கேக்கல. கணக்குப் பார்க்கறவர்கிட்ட என் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிட்டேன். எடுத்த பெட்டி நம்பரையும் சொல்லிட்டு வந்தேன். திருடினான்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாதுல்ல."

அதன்பிறகு அந்த அடுப்படியில் நடந்ததை வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் கலவரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவன் தலையில் ஹெல்மெட். மாமியார் பீரோக் கதவைத் திறந்து அதன் பின்னால் நின்றார். குக்கரில் தண்ணீரை ஊற்றி மூடி, மூடியின் கைப்பிடியில் துணி உலர்த்தும் கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றை வாசற்படிக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். சின்னவள் அரிசி டப்பாவின் மேல் ஃபோனைச் சாய்த்துவைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

முதல் குக்கரில் ஆவி கட்டியது. சிவப்பு முள் எழுந்து நின்றது. கயிற்றை இழுத்தான். மூடி அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். குக்கரே நகர்ந்து வந்தது, மூடி மட்டும் பிடிவாதமாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமியார் பீரோவுக்குப் பின்னாலிருந்து. அந்தக் குரலில் இருந்த ஆறுதலைக் கேட்டுச் சின்னவளுக்கும் ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்துவிடட்டும். கடை வாசலில் போய் நின்று சமைத்துவிட்டு வந்துவிடலாம்.

இரண்டாவதன் மூடியும் திறக்கவில்லை.

மூன்றாவதில் அவன் பலமாக இழுக்கக்கூட இல்லை. கயிறு விறைத்தது, அவ்வளவுதான். மூடி எகிறிச் சுவரில் மோதியது. தண்ணீர் கூரை வரைக்கும் போய் அங்கிருந்து சொட்டியது. ஆவி கலைய நேரமாயிற்று.

மாமியார்தான் முதலில் வெளியே வந்தார். கூரையைப் பார்த்தார். "அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுடா" என்றார் மகனிடம். "தெரிஞ்சா விப்பானா? கடைக்காரன்தான், கல் நெஞ்சுக்காரன் இல்ல. ஃபோன் போட்டுச் சொல்லு. நிறுத்திடுவான்."

ஃபோனை எல்லோரும் கேட்கும்படி வைத்துப் பேசினான்.

"அண்ணா, மூணு வெச்சுப் பார்த்தோம். ஒண்ணு திறந்துடுச்சு."

"ரெண்டு திறக்கலைல?"

"அந்த ஒண்ணை யாருக்கு விக்கறது அண்ணா?"

மறுமுனையில், கடையில் யாரோ பந்தல் துணிக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, இன்னைக்கு விற்பனையை நிறுத்திடுங்க. சரக்கு அனுப்பினவங்க மேல கேஸ் போடுங்க, இந்த வீடியோவை உங்களுக்கே தர்றேன். நீங்க நிறுத்தினா நான் ஒரு எழுத்து எழுத மாட்டேன். ஆனா நாலு மணிக்கு நீங்க கடையைத் திறந்தா, நாலு மணிக்கு நானும் எழுதிடுவேன்."

"மிரட்டறியா?"

"இல்ல மாமா. சொல்லிட்டுச் செய்யறேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார். சற்று நேரத்தில் வீட்டின் இன்டர்நெட் விளக்கும் அணைந்தது.

விற்பனை தொடங்குகிறதா என்று பார்க்கக் கணவன் கிளம்பிக் கடைக்கு எதிரே போய் நின்றான். சின்னவள் கணினியைத் திறந்து எழுத உட்கார்ந்தாள். ஒரு கையால் தட்டுவது மெதுவாகத்தான் நடந்தது. முதல் வரியை எழுதி அழித்தாள். எழுதினால் என்னவெல்லாம் போகும் என்று மனசு தானாகவே ஓடியது. அவனுக்கு வேலை போகும். பாத்திரக் கம்பெனி விளம்பரங்கள்தான் அவளுக்கு அதிகம் தருகிறவை, அவையும் தயங்கும். குடும்பச் சண்டையை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று வாசகர்களே சொல்லலாம். அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி முதல் வரியை எழுதினாள். இந்த முறை அழிக்கவில்லை.

'இந்தக் குக்கரை விற்கிறவர் என் கணவரின் அண்ணன். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். என்னிடம் வந்த நான்கில் இரண்டின் மூடி, ஆவி இருக்கும்போதே திறந்துகொண்டது. ஒன்று என் கையில், ஒன்று கீழே உள்ள வீடியோவில். வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பயன்படுத்தாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். இதை எழுத யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. புகழ்ந்து எழுதத்தான் கொடுக்க வந்தார்கள்.'

கடைசி வரி தேவையா என்று யோசித்தாள். எடுத்துவிட்டாள். பிறகு, எடுத்தால் அது மறைப்பது ஆகாதா என்று திரும்பச் சேர்த்தாள்.

நாலு மணி ஆயிற்று. கணவன் கூப்பிட்டான். "திறந்துட்டாங்க. வாசல்ல கூட்டம் நிக்குது. ஒரு அம்மா கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு வரிசையில நிக்கறாங்க."

அவள் ஃபோனில் டேட்டா தீர்ந்திருந்தது. வீடியோவை ஏற்றித் தயாராக வைக்கப் பார்த்ததில் பாதியிலேயே போய்விட்டது. வீட்டு இணைப்பும் இல்லை. ஃபோனையும் கணினியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முன்னால் இன்னொரு ஃபோன் வந்தது. மாமியாருடையது.

"இதுல நெட் இருக்கு. மாசாமாசம் நானே போட்டுக்கறேன். பின்ன எப்படி உன்கிட்ட சண்டை போடறது?"

"அத்தை, நான் போடப்போறது உங்க பிள்ளைக்கு எதிரா."

"எனக்கும் படிக்கத் தெரியும். பின்னாடி நின்னு முழுசாப் படிச்சேன்." மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவளோ ஒருத்தி வெந்து செத்தா அவனைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க. நாலு பேர் காறித் துப்பினாலும் என் பிள்ளை வெளியில இருப்பான்ல. போடு."

சின்னவள் அந்த ஃபோனின் இணைப்பில் கணினியைச் சேர்த்தாள். வீடியோ ஏறுகிறவரை இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏறியது. கட்டுரை வெளியே போனது.

முதல் கருத்தே கசப்பாக வந்தது. சொந்த மைத்துனரைக் கவிழ்க்கிறாயே, சொத்துத் தகராறா என்று கேட்டிருந்தார் ஒருவர். அடுத்தவர், வேறு குக்கர் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்றார். சின்னவளின் காது மடல் சூடாயிற்று. பதில் எழுதக் கையை நீட்டினாள்.

"நீ இரு" என்றார் மாமியார். ஃபோனை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினார். தட்டி முடித்ததும் கட்டுரையின் கீழே இப்படி வந்தது: 'மூடி பறந்தபோது நானும் அங்கே இருந்தேன். எழுதியிருப்பது அத்தனையும் நிஜம். நான் அந்தக் கடைக்காரனைப் பெற்றவள். உப்புக் கம்மி.'

அதன்பிறகு கருத்துகள் வேறு மாதிரி வர ஆரம்பித்தன. உப்புக் கம்மியே குறை சொல்லவில்லை என்றால் இனி என்ன சந்தேகம் என்றார் ஒரு வாசகி. வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், வெளியே வந்துவிட்டேன் என்றார் இன்னொருவர். காலையில் முன்பதிவு செய்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன் என்று ஒரு குரல். சின்னவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

இருட்டுவதற்கு முன் கணவன் வந்துவிட்டான். "கிடங்குச் சாவியைக் குடுத்துட்டேன். அவர் கேட்டாரு" என்றான்.

"கூட்டம்?"

"பாதிப் பேர் போயிட்டாங்க. அந்தக் கைக்குழந்தை அம்மாகிட்ட நானே போய்ச் சொன்னேன். அண்ணன் பார்த்துட்டிருக்கும்போதே சொன்னேன்." தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாதவன் மாதிரி அவன் அவளைப் பார்த்தான். "நாளையிலேர்ந்து நான் வெட்டியா இருக்கேன். உன் கை சரியாகற வரைக்கும் படம் நான் எடுக்கட்டுமா?"

"கோணலா எடுத்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்" என்றாள் சின்னவள். அன்று அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தமும் கேட்டது. வந்திருந்தது பெரியவள். பெரியவரின் மனைவி, சின்னவளுக்கு ஓரகத்தி. நல்லது கெட்டது எதுவானாலும் கணவருக்கு ஓரடி பின்னால் வருகிறவள். அவள் தனியாக இந்த மாடி ஏறிச் சின்னவள் பார்த்ததே இல்லை.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சின்னவள் நிமிர்ந்து நின்றாள். "அக்கா, என்ன சொல்லணுமோ சொல்லுங்க. ஆனா எழுதினதை எடுக்க மாட்டேன்."

"எடுக்காதே" என்றாள் பெரியவள்.

அவள் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். பித்தானைக் கழற்றிக் கையை மடித்து மடித்து மேலே ஏற்றினாள். முழங்கையிலிருந்து தோள் பக்கம் வரைக்கும் தோல் வழன்று, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவளின் காயத்தை விடப் பெரியது, பழையது.

"மாதிரிக்குன்னு முதல்ல வந்த பெட்டி. எங்க வீட்டுலதான் வெச்சோம்" என்றாள். "எண்ணெய் தெறிச்சதுன்னு சொல்லச் சொன்னாரு. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். நீ எழுதினதைப் படிச்சதும் உட்கார முடியல. உனக்கு அதைக் குடுத்து அனுப்பும்போது நான் பக்கத்துல நின்னேன். வாயைத் திறக்கல."

கணவன் சுவரோரம் போய் நின்றுவிட்டான். சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஓரகத்தியின் மேலும் வந்தது. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அது நிற்கவும் இல்லை, முழுசாக எழவும் இல்லை.

"அக்கா, இதை நான் எழுதலாமா?"

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழே கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. படியில் கனத்த காலடி. பெரியவளின் விரல்கள் பழக்கத்தில் ரவிக்கைக் கையைக் கீழே இறக்கப் போயின. போனவை நின்றன. மடித்ததை மடித்தபடியே விட்டாள்.

நாற்காலியில் இருந்த மாமியாரை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது என்று மத்தியானம் கூரையைப் பார்த்துச் சொன்னவர், இப்போது மூத்த மருமகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். சின்னவள் போவதற்கு முன் தானே போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் பெரியவர். முகம் வியர்த்திருந்தது. உள்ளே நுழைவதற்காக ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவர் அம்மா வழிவிடவில்லை. நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மூத்தவளுக்குக் கை எப்பச் சுட்டதுடா?"

பெரியவர் அம்மாவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். மறைக்காத அந்தக் கையைப் பார்த்தார். ஒரு காலில் செருப்போடு, ஒரு காலில் செருப்பில்லாமல், அப்படியே நின்றார்.